யார் கையில் குழந்தை?

பெங்களூருவில் வேலைக்குப் போகும் பெற்றோர் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விடலாமா என்று கணக்குப் போடத் தொடங்கும் நாளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குழந்தையின் வயதோ வளர்ச்சியோ அன்று. தாயின் பேறுகால விடுப்பு எந்தத் தேதியோடு முடிகிறது என்பதே. 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 12 வாரமாக வைத்திருந்த சம்பளத்துடன் கூடிய விடுப்பு, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த அளவை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. 26 வாரம் என்பது 182 நாள், அதாவது ஏறத்தாழ ஆறு மாதம். ஆனால் அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், நிறைமாதத்தில் அவுட்டர் ரிங் ரோட்டின் நெரிசலில் போய்வர முடியாமல் நான்கு வாரம் முன்னதாகவே வீட்டில் தங்கிவிட்ட பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபின் எஞ்சுவது 22 வாரம் மட்டுமே; குழந்தைக்கு ஐந்து மாதம் நிரம்பும்போது அவர் அலுவலகம் திரும்பியாக வேண்டும்.

இங்கேதான் மூன்று கணக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகின்றன. பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பணியிடக் காப்பகங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று மத்தியப் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டுநெறிகள், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் கொண்டே எழுதப்பட்டவை. விடுப்போ ஐந்தாம் மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. இடையில் விழும் அந்த ஒரு மாதத்தைச் சட்டம் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. சம்பளமில்லா விடுப்பு, முதலாளி சம்மதித்தால் மட்டும் கிடைக்கும் வீட்டிலிருந்தே வேலை, ஊரிலிருந்து ரயிலேறி வரும் பாட்டி ஆகிய மூன்றில் ஒன்று அதை இட்டுநிரப்புகிறது. அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டின் ஓசூருக்குள் போனால், அங்கே அரசுப் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியைக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு பேறுகால விடுப்பு உண்டு. அவருடைய தங்கை எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் இருந்தால், அரைமணி நேரத் தொலைவில், அவருக்குப் பாதிதான்.

மடுவமும் கண்ணாடிக் கட்டடமும்

காப்பகத்தைக் குறிக்கச் சட்டமும் அலுவலகங்களும் புழங்கும் 'கிரெஷ்' என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. தொழுவத்தில் மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி என்பதே அதன் நேர்ப்பொருள், ஏசு பிறந்தவுடன் கிடத்தப்பட்ட தொட்டியின் நினைவும் அதில் ஒட்டியிருக்கிறது. 1844இல் பாரிஸின் ஷாயோ பகுதியில் ஃபிர்மென் மார்போ தொடங்கிய முதல் கிரெஷ், வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்கானது. தமிழர்களுக்கும் இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததன்று. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம் கொழுந்து மடுவம் என்றால், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தையை விட்டுச்செல்லும் இடம் பிள்ளை மடுவம். இந்தியாவிலும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வால்பாறை, நீலகிரி போன்ற மலைத்தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்தை முதலாளியின் கடமையாக்கியது. ஆகவே, பால்குடி மாறாத பிள்ளையைப் பிறர் கையில் விட்டுவிட்டு வேலைக்குப் போவது ஐ.டி. காலத்து நாகரிகம் என்று குடும்பக் கூடங்களில் எழும் குற்றச்சாட்டு வரலாற்றோடு பொருந்துவதில்லை. மடுவத்தில் பிள்ளையை விட்ட தாயிடம் நன்றாக யோசித்தாயா என்று யாரும் கேட்டதில்லை. கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கும் தாயிடம் எல்லாரும் கேட்கிறார்கள் என்பதுதான் மாற்றம்.

சட்டம் யாரை எண்ணுகிறது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண் தொழிலாளர்களை மட்டும் எண்ணியது: தொடக்கத்தில் 50 பேருக்கு மேல், 1976க்குப் பிறகு 30 பேருக்கு மேல் பெண்கள் இருந்தால் காப்பகம் கட்டாயம். பெண்களை எண்ணும் சட்டம், முப்பதாவது பெண்ணோடு ஆள் சேர்ப்பதை நிறுத்திக்கொள்ளும் ஆசையையும் முதலாளிக்குச் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சரிசெய்தது. ஆணும் பெண்ணுமாக 50 ஊழியர்கள் இருந்தாலே குறிப்பிட்ட தொலைவுக்குள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் அது சொல்கிறது. ஆனால் கட்டணத்தை யார் ஏற்பது என்பதைச் சட்டத்தின் வாசகம் தெளிவாகச் சொல்லாமல் விட்டதால், சில நிறுவனங்கள் முழுச் செலவையும் ஏற்கின்றன, சில பாதியை ஏற்கின்றன, சில ஏதோ ஒரு காப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டணத் தள்ளுபடி வாங்கித் தந்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன.

இந்தச் சட்டமும், அதற்கு முன்பே நகரில் பெருகியிருந்த தேவையும் சேர்ந்து பெங்களூருவில் ஒரு தொழிலையே உருவாக்கின. 2011இல் இங்கே தொடங்கி வேறு நகரங்களுக்கும் பரவிய கிளே போன்ற பல கிளை நிறுவனங்கள் ஒருபுறம். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தள வீட்டில் நான்கு தொட்டிலோடு ஓர் அம்மாள் நடத்தும் 'பேபி சிட்டிங்' மறுபுறம். இவற்றுக்கு இடையில் தரத்திலும் கட்டணத்திலும் பெரிய இடைவெளி இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் கைக்குழந்தைக்கான முழுநாள் கட்டணம், பீன்யாவிலோ பொம்மனஹள்ளியிலோ ஆயத்த ஆடை ஆலையில் தைக்கும் ஒரு பெண்ணின் மாதச் சம்பளத்தை எட்டிப்பிடிப்பதும் தாண்டுவதும் சாதாரணம் என்பதைச் சொன்னாலே அந்த இடைவெளி விளங்கிவிடும்.

ஆய்வுகள் சொன்னதும் சொல்லாததும்

பெற்றோரின் மனத்தை அறுக்கும் கேள்வி சட்டத்தைப் பற்றியதன்று. தாயை விட்டுப் பகல் முழுவதும் பிரிந்திருக்கும் குழந்தை உள்ளுக்குள் எதையாவது இழக்கிறதா என்பதே அது. இந்த அச்சத்துக்கு அறிவியல் உடை அணிவித்தவர் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் அவர் எழுதிய அறிக்கையிலிருந்தும் அதன் தொடர்ச்சியாக வளர்ந்த பிணைப்புக் கோட்பாட்டிலிருந்தும், அதாவது குழந்தை தன்னைத் தொடர்ந்து கவனிக்கும் ஒருவரிடம் உறுதியான பற்று வைப்பதே அதன் பிற்கால மனநலத்துக்கு அடித்தளம் என்ற கருத்திலிருந்தும், தாய் எப்போதும் அருகில் இருந்தே ஆக வேண்டும் என்ற முடிவைப் பலரும் எடுத்துக்கொண்டனர். அந்த அறிக்கையின் பின்னணியில் இருந்தவர்களோ போரில் பெற்றோரை இழந்த குழந்தைகள், விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த குழந்தைகள். மாலையில் தாயின் இடுப்பில் ஏறி வீடு திரும்பும் குழந்தையின் நிலை வேறு.

அந்த வேறு நிலையை அளந்து பார்க்க அமெரிக்காவில் ஒரு நீண்ட ஆய்வு நடந்தது. அந்நாட்டுத் தேசியக் குழந்தை நல நிறுவனம் 1991இல் பத்து இடங்களில் பிறந்த 1,364 குழந்தைகளைத் தேர்ந்து, அவர்கள் பதின்ம வயதை எட்டும்வரை பின்தொடர்ந்தது. காப்பகத்தில் விடுவது மட்டுமே தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பைக் கெடுப்பதில்லை என்பதும், வீட்டுச் சூழலும் தாயின் பரிவும் காப்பகத்தைக் காட்டிலும் கூடுதலாகக் குழந்தையை வடிவமைக்கின்றன என்பதும், தரமான கவனிப்பு மொழித்திறனுக்கு நன்மை செய்கிறது என்பதும் அதில் தெரியவந்தன. காப்பகத்தில் கழியும் நேரம் மிகுந்தால் முரட்டுத்தனம் சிறிதளவு கூடுகிறது என்பதும் அதே ஆய்வில் உண்டு. முதல் பாதியை மட்டும் காப்பக விளம்பரங்களும் இரண்டாம் பாதியை மட்டும் மாமியார்களும் எடுத்துக்கொள்வது வழக்கம். இரு தரப்பும் கவனிக்காத ஒரு முடிவுதான் முக்கியமானது: தாயின் பரிவு குறைவாக இருந்த வீடுகளில், காப்பகத்தின் தரமும் குறைந்தாலோ, குழந்தை இடம் மாற்றி இடம் விடப்பட்டாலோதான் பிணைப்பு ஆட்டம் கண்டது. கைகள் மாறிக்கொண்டே இருப்பது ஆபத்துகளில் ஒன்றாக அங்கே எண்ணப்பட்டிருக்கிறது.

கனடாவின் கியூபெக் மாநிலம் வேறொரு பாடம் தருகிறது. 1997இல் அது நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்ற மிகக் குறைந்த கட்டணத்தில் காப்பகங்களைத் திறந்துவிட்டது. வேலைக்குப் போகும் தாய்மாரின் எண்ணிக்கை உயர்ந்தது. ஆனால் குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாக 2008இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று காட்டியது. இடங்களை விரைவாகப் பெருக்கியபோது தரம் ஈடுகொடுக்கவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. பெருகும் வேகத்தில் பெங்களூரு சளைத்த ஊரன்று என்பதால் இந்தப் பாடம் இங்கே கூர்ந்து படிக்கத்தக்கது.

தரம் என்ற சொல்லுக்குக் கைக்குழந்தைகளின் உலகில் பொருள் மிக எளியது: எத்தனை குழந்தைக்கு எத்தனை கை. 2018ஆம் ஆண்டு வழிகாட்டுநெறிகள் மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் என்று சொல்கின்றன, அதாவது ஒருவருக்கு ஐந்து குழந்தைகள். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் என்பது சட்டம். அங்கே அரசிடம் பதிவு செய்யாமல் காப்பகம் நடத்தவும் முடியாது. இந்தியாவில் வழிகாட்டுநெறி என்பது அறிவுரை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான தனியார் காப்பகத்துக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் தனிச் சட்டம் தேசிய அளவில் இல்லை. மூன்று முதல் ஆறு வயதினரின் விளையாட்டுப் பள்ளிகளுக்காவது தேசியக் குழந்தை உரிமை ஆணையத்தின் நெறிமுறைகள் இருக்கின்றன. தன் குறையைச் சொல்ல வாய்ப்பேச்சே வராத வயதினரைக் காப்பதில்தான் ஏட்டளவிலும் ஓட்டை பெரிது.

இந்த ஓட்டையை அடைக்க வந்திருப்பது கண்காணிப்புக் கேமரா. அலுவலக மேசையில் இருந்தபடியே செல்பேசியில் குழந்தையை நேரலையாகப் பார்க்கலாம் என்பது பெங்களூருக் காப்பக விளம்பரங்களில் தவறாத வரி. அடிபட்ட குழந்தைகளின் காட்சிகள் நாட்டின் பல நகரங்களிலிருந்து வெளிவந்தபின் பெற்றோர் கேமராவைக் கேட்பது நியாயமே. அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கேமரா காட்டுவது இன்று நடப்பதை மட்டுமே. இன்று குழந்தையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டும் ஆயம்மா அடுத்த மாதம் இருப்பாரா என்பதை அது காட்டாது, குழந்தைக்கு வேண்டியதோ அதுதான். காப்பகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு நுழைவறையின் வண்ணச் சுவரும் இறக்குமதிப் பொம்மைகளும் காட்டப்படும். அவர்கள் கேட்க வேண்டியது கைக்குழந்தை அறையில் இருப்பவர் எத்தனை மாதமாக அங்கே இருக்கிறார், அவர் மதியம் சாப்பிடப் போகும் அரைமணி நேரம் அறையில் யார், அவர் விடுப்பு எடுத்தால் வருபவர் குழந்தை அறிந்த முகமா என்பவற்றை. இக்கேள்விகளுக்கு நிர்வாகி பதில் சொல்லும் வேகத்திலேயே அந்த இடத்தின் தரத்தைப் பாதி அளந்துவிடலாம்.

தூளியும் மெத்தையும்

குழந்தையை எந்த வயதில் சேர்ப்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து மாதக் குழந்தை யார் தூக்கினாலும் சிரிக்கும். அதன் சின்ன வயதைப் பார்த்து மனம் பொறுக்காத பெற்றோர் எப்படியாவது சம்பளமில்லா விடுப்பு வாங்கி ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போடுகின்றனர். ஆனால் ஆறேழு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு வேற்றுமுகம் தெரியத் தொடங்குகிறது. அறிந்த முகம் கண்ணைவிட்டு மறைந்தால் எழும் பிரிவுப் பதற்றம் அதன்பின் கூடிக்கொண்டே போய் ஒன்றரை வயதை ஒட்டித்தான் தணியத் தொடங்குகிறது. ஆகவே ஒன்பதாம் மாதத்தில் முதன்முறையாகக் காப்பக வாசலில் விடப்படும் குழந்தை, ஐந்தாம் மாதத்தில் விடப்படுவதைவிடப் பன்மடங்கு அழும். அது வளர்ச்சியின் இயல்பு. பெற்றோர் செய்த தவறும் அன்று, காப்பகத்தின் கொடுமையும் அன்று. ஜெர்மனியில் 1980களில் உருவான பெர்லின் முறை இதற்கென்றே வகுக்கப்பட்டது: முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ குழந்தையோடு அறையிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்து உடன் திரும்புவார், நான்காம் நாள்தான் சில நிமிடப் பிரிவு, குழந்தை தேறுவதைப் பார்த்தே நேரம் நீளும். இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். விடுப்பின் கடைசி நாள்வரை குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நேரே வாசலில் விட்டுச்செல்லும் வழக்கத்தைவிட அந்த மூன்று வாரத்தை விடுப்புக்குள்ளேயே ஒதுக்கிவைப்பது மேல்.

தமிழ் வீடுகளில் குழந்தையைக் காப்பகத்துக்குப் பழக்குவதன் கடினமான பகுதி உறக்கம். உத்தரத்துக் கொக்கியில் அம்மாவின் பழைய நூல்புடவையைக் கட்டிய தூளியில் குழந்தை உடல் வளைந்து, துணி இருபுறமும் அணைக்க, புடவையின் வாசனைக்குள் ஆடியபடி உறங்கிப் பழகியிருக்கிறது. கொக்கியில்லாத அடுக்குமாடி வீடுகளுக்கென இரும்புத் தண்டில் தொங்கும் தூளியும் கடைகளில் கிடைக்கிறது. காப்பகத்திலோ சமமான, இறுக்கமான மெத்தையில் மல்லாக்கக் கிடத்துகிறார்கள். கைக்குழந்தையின் உறக்கத்துக்கு அதுவே பாதுகாப்பானது என்பது குழந்தை மருத்துவர்களின் பரிந்துரையும்கூட. தூளி ஆடுவது நின்றவுடன் கண்விழிக்கும் குழந்தைக்கு, பத்துப் பேர் கிடக்கும் அறையில் அசையாத மெத்தை என்பது முதல் வாரம் முழுவதும் உறக்கமின்மைதான். உறங்காத குழந்தை பாலும் குடிப்பதில்லை, மாலையில் பெற்றோர் கையில் கிடைப்பது சிணுங்கிச் சோர்ந்த பிள்ளை. சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே பகல் தூக்கத்தை மட்டுமாவது மெத்தைக்கு மாற்றிவிடுவதும், அம்மா உடுத்திய பருத்தித் துணியொன்றை ஆயம்மா தட்டித் தூங்கவைக்கும்போது தம் மடியில் விரித்துக்கொள்ளக் கொடுத்தனுப்புவதும் அனுபவசாலிகள் செய்வது.

பால் அடுத்த ஏற்பாடு. பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் 25 பாகை வரையிலான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் நான்கு நாளும் கெடாது. ஆகவே பெயரும் நேரமும் எழுதி ஒட்டிய புட்டிகளோடு பனிப்பொதி வைத்த பை ஒன்று தினமும் குழந்தையோடு பயணிக்கிறது. ஆறு மாதம் கடந்தபின் கர்நாடகத்துக்கே உரிய ராகி சரி சேர்ந்துகொள்கிறது. முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்துச் சலித்துக் காய்ச்சும் இந்தக் கஞ்சி, தமிழ் வீட்டுக் கேழ்வரகுக் கூழின் நெருங்கிய உறவு. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தாய்க்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த இடைவேளைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் காப்பகம் நடக்கும் தொலைவில் இருக்க வேண்டும்.

தொலைவு என்பது இந்த நகரில் கிலோமீட்டரால் அளக்கப்படுவதன்று. 2022இல் நகர மையத்தில் பத்து கிலோமீட்டரைக் கடக்க 29 நிமிடம் ஆனது என்றும், உலக நகரங்களில் லண்டனை அடுத்து அதுவே மிக மந்தம் என்றும் டாம்டாம் என்ற வழிகாட்டி நிறுவனத்தின் கணக்கீடு சொன்னது. மழை பெய்த மாலைகளை அறிந்தவர்கள் அதைத் தாராளமான மதிப்பீடு என்பார்கள். அலுவலகத்தருகே காப்பகம் என்றால் தாய் பகலில் போய்ப் பாலூட்டலாம், காய்ச்சல் என்றால் ஐந்து நிமிடத்தில் ஓடிவரலாம். விலையாக, குழந்தை தினமும் காலையும் மாலையும் சில்க் போர்டு சந்திப்பின் புகைக்குள் ஒவ்வொரு மணி நேரம் இருக்க வேண்டும். வீட்டருகே என்றால் குழந்தைக்கு அலைச்சல் இல்லை. ஆனால் நான்கு முறை போய்வரும் உரிமை ஏட்டோடு நின்றுவிடும், சாலை நின்றுபோன மாலையில் ஏழு மணிக்குக் காப்பகக் கதவடைக்கும் நேரத்துக்கு வந்துசேர முடியாது. பால்குடி மறக்கும்வரை அலுவலகத்தருகே, பிறகு வீட்டருகே என்று மாற்றிக்கொள்ளலாம் என்பது கேட்பதற்கு அழகான தீர்வு. மாற்றும்போது குழந்தை அறிந்த கைகளும் மாறிவிடும் என்பதால் அதிலும் முழு ஆதாயம் இல்லை. பெற்றோரில் ஒருவராவது வீட்டிலிருந்து ஓரிரு நாள் வேலை செய்ய முடியுமானால் வீட்டருகே இருப்பதே தேறும்.

நோய் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காப்பகத்தின் முதல் ஆண்டில் குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் மாதந்தோறும் வரும் என்று எதிர்பார்ப்பதே அறிவுடைமை. பெரிய காப்பகங்களில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் சளி குறைவாக வந்ததாக அமெரிக்காவின் டூசான் நகர ஆய்வு 2002இல் காட்டியது என்பது அந்த ஆண்டைக் கடக்க ஓர் ஆறுதல். காய்ச்சலோடு வரும் குழந்தையைக் காப்பகம் ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஆகவே முதல் ஆண்டின் உண்மையான செலவு கட்டணம் மட்டுமன்று, விடுப்பும். யாருடைய விடுப்பு என்பதில் நாட்டின் சட்டம் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. தனியார் துறைத் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. சுவீடனில் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள், அதில் 90 நாளைத் தந்தையே எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டால் கழிந்துபோகும். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்தியாவில் சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபடுவோருள் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதில் செலவிடுவதாகக் காட்டுகிறது. காப்பகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு முதலில் யாருடைய எண்ணுக்குப் போகிறது என்பதற்குக் கணக்கெடுப்பு தேவையில்லை.

காப்பகத்துக்கு மாற்றாக நிற்பது பாட்டி. தூத்துக்குடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இரவு ரயிலில் வந்திறங்கும் முதியவர்கள் 'அம்மா ஆறு மாசம், மாமியார் ஆறு மாசம்' என்ற முறையில் இந்நகரின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைத் தாங்கி நிற்கிறார்கள். குழந்தையைத் தாய் மட்டுமன்றி உறவினர் பலரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டு வளர்ப்பே மனித இனத்தின் இயற்கை என்று மானுடவியலாளர் சாரா ஹார்டி 2009இல் விரிவான நூலொன்றில் வாதிட்டிருக்கிறார். ஆனால் அவர் சொல்லும் பாட்டி தன் கூட்டத்தின் நடுவில் இருந்தவர். பதினான்காம் மாடியில், மொழி தெரியாத ஊரில், முழங்கால் வலியோடு நாள் முழுவதும் தவழும் பேரப்பிள்ளையின் பின்னால் தனியாக ஓடுபவர் அல்லர். காலையில் மூன்று மணி நேரம் காப்பகம், மீதி நேரம் பாட்டி என்று பிரித்துக்கொண்ட குடும்பங்கள் பாட்டி, குழந்தை இருவருக்கும் நன்மை செய்கின்றன. இதில் ஒரு சிறு வேடிக்கையும் உண்டு: காப்பகத்தில் கன்னட ஆயம்மாவிடம் பேச்சுப் பழகும் தமிழ்க் குழந்தை பாலை 'ஹாலு' என்று கேட்கத் தொடங்கும்போது பாட்டி பதறுகிறார். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் பழைய விதிதான் அது, புலி அங்கே ஹுலி, பள்ளி ஹள்ளி. வீட்டில் தமிழ் கேட்கும்வரை குழந்தை இரண்டையும் கலங்காமல் பிடித்துக்கொள்ளும்.

ஆயம்மாவின் குழந்தை

இதுவரை சொன்ன தயக்கங்கள் யாவும் தேர்ந்தெடுக்க வழியுள்ளவர்களின் தயக்கங்கள். பெங்களூருவின் ஆயத்த ஆடை ஆலைகளில் தைக்கும் இலட்சக்கணக்கான பெண்களுக்குச் சட்டப்படி ஆலைக்குள்ளேயே காப்பகம் உண்டு. ஆனால் நெருக்கியடித்து வரும் வேனிலும் டெம்போவிலும் கைக்குழந்தையை ஏந்தி அதிகாலையில் வர முடியாததால், பலர் குழந்தையை மண்டியாவிலோ துமகூருவிலோ உள்ள தாய்வீட்டில் விட்டுவைக்கிறார்கள். பிள்ளை பெற்றபின் வேலையை விட்டு, வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழித்து, பிள்ளை ஓடியாடும் வயதில் வேறோர் ஆலையில் புதிய ஆளாய்ச் சேர்வது இன்னொரு வழி. அந்த நிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது, 2016 ஏப்ரலில் ஓசூர் சாலையையும் மைசூரு சாலையையும் மறித்து நின்ற பெண்களின் கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்; இரண்டே நாளில் அரசு விதியைத் திரும்பப் பெற்றது. கட்டுமானத் தொழிலாளர்களின் நிலை இன்னும் மோசம். 1969இல் டெல்லியில் கட்டடப் பணியிடம் ஒன்றில் மண்ணில் கிடந்த குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன் மொபைல் கிரெஷஸ் அமைப்பைத் தொடங்கினார்; வைட்ஃபீல்டில் எழும் கோபுரங்களின் அடியில், சாரக்கட்டைக் கம்பில் கட்டிய புடவைத் தூளி இன்றும் காணக்கூடிய காட்சிதான்.

அரசின் ஏற்பாடுகள் இல்லாமலில்லை. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கர்நாடக முதல் களம் மைசூருவை அடுத்த டி. நரசீபுரா. அதன் அங்கன்வாடிகள் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களையே நாள்தோறும் அமர்த்திக்கொள்கின்றன. அதற்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துணவு மட்டுமே. 2022 முதல் 'பால்னா' என்ற பெயரில், தொட்டில் என்பது அதன் பொருள், அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களுக்கு மத்திய அரசு வழி செய்திருக்கிறது. அவற்றின் நேரம் நாளுக்கு ஏழரை மணி, ஆலையின் ஷிஃப்டோ எட்டு மணியும் பயணமும். கர்நாடக அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த 'கூசின மனெ' திட்டம், கூசு என்றால் கன்னடத்தில் கைக்குழந்தை, நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மாருக்காக 4,000 கிராமப் பஞ்சாயத்துகளை இலக்காக வைத்தது. நகரத்தின் வீட்டுவேலைப் பெண்ணுக்கும் தையல் பெண்ணுக்கும் அதில் இடமில்லை.

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றையும் தாங்கும் கைகளுக்குக் கிடைப்பது என்ன என்பதைப் பார்த்தால், கைகள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பது தெரிந்துவிடும். அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய அரசின் நெறிப்படி தரப்படுவது சம்பளம் அன்று, மதிப்பூதியம். 2018இல் அது மாதம் 4,500 ரூபாயாகவும் உதவியாளருக்கு 2,250 ரூபாயாகவும் வைக்கப்பட்டது, மேற்கொண்டு மாநிலங்கள் தருவது தனி. அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று சொல்ல 2022இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. தனியார் காப்பகத்தில் வண்ணச் சீருடை அணிந்த ஆயம்மாவின் சம்பளமும், அவர் கையில் இருக்கும் ஐந்து குழந்தைகளின் கட்டணத்தோடு ஒப்பிட்டால், சிறு பகுதியே. ஐந்நூறு ரூபாய் கூடுதலாகத் தரும் அடுத்த தெருக் காப்பகத்துக்கோ ஆலைக்கோ அவர் போய்விடும்போது, எட்டு மாதமாக அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு உறங்கிய குழந்தை மறுநாள் காலை வாசலில் அழுகிறது. பெற்றோரிடம் சொல்லப்படும் காரணம் பல் முளைப்பது. காப்பகக் கட்டணத்தில் எவ்வளவு ஆயம்மாவுக்குப் போகிறது என்று கேட்கும் பெற்றோர் அரிது. கேட்டால் நிர்வாகி முகம் சுளிக்கக்கூடும். இருந்தும், கேமராவின் கடவுச்சொல்லைக் கேட்பதைவிட அந்தக் கேள்வி குழந்தைக்கு நெருக்கமானது.

மாலை ஏழு மணியளவில், போக்குவரத்தில் சிக்கித் தாமதமாக வந்த கடைசிப் பெற்றோரிடம் கடைசிக் குழந்தையை ஒப்படைத்து, காலியான பால்புட்டிகளைப் பையில் வைத்துக் கொடுத்து, அன்றைய உணவும் உறக்கமும் குறித்த தாளில் கையெழுத்து வாங்கியபின், ஆயம்மா சீருடையை மாற்றிக்கொண்டு பெண்களுக்குக் கட்டணமில்லாத மாநகரப் பேருந்தில் ஏறுகிறார். அவருடைய பிள்ளையின் அங்கன்வாடி மாலை நான்கு மணியளவிலேயே மூடிவிட்டது. அதன்பின் மூன்று மணி நேரமாக அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கிறது.